பொறுப்பாளர் ஒருவர் மட்டும்

நான் படித்தது கட்டட வரைபடம். பதுளையில் ஓர் அலுவலகத்தில் அளவெடுப்பது வேலை. ஒரு பிள்ளை சொந்தச் சின்னம்மாவோடு வாழ்வதற்கு அவள் வீடு தகுந்ததா என்று பார்க்க சிறுவர் நல அதிகாரி ஒருவர் அப்புத்தளைப் பக்கத் தேயிலைத் தோட்டத்துக்குப் புறப்பட்டார். டேப் பிடிக்க ஆள் தேவைப்பட்டதால் என்னையும் அனுப்பினார்கள்.

பிள்ளைக்கு எட்டு வயது. அம்மா குவைத்தில் வீட்டு வேலை. அப்பாவைப் பற்றிக் கேட்டால் லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் திடீரென்று வேலை வந்துவிடும். சின்னம்மாவின் ஒற்றை அறைக் காம்பரா தேறாவிட்டால் பிள்ளை பதுளைச் சிறுவர் இல்லத்துக்குப் போக வேண்டும்.

லயமே தலைவாரிப் பவுடர் பூசிக் காத்திருந்தது. நீளம், அகலம், ஜன்னல், அடுப்பங்கரை என்று வரிசையாக அளந்தேன். அளவு தேறியது. வினை கேள்வியில் வந்தது.

“நேத்து ராத்திரி எங்க படுத்தீங்க பாப்பா?” என்றார் அதிகாரி.

“கடைசி வீட்டு அத்தைகிட்ட. அங்கதான் டீவி இருக்கு.”

சின்னம்மாவின் முகம் சுண்டியது. உடனே அக்கம்பக்கத்துப் பெண்கள் அவளைக் காப்பாற்றக் கிளம்பினார்கள்.

“சேர், சின்னம்மாக்காரி மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனா நான்தான் ரொட்டி சுட்டுக் குடுக்கிறேன்” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

“ஆமா, அந்த ரொட்டியத் தின்னு வயித்து வலி வந்தப்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனது யாரு?” என்றாள் கடைசி வீட்டு அத்தை.

“அவ தலையில பேன் பாக்கிறது யாருடி? உங்க டீவியா?” என்று திருப்பினாள் பக்கத்து வீட்டுக்காரி.

ஒரு பிள்ளை நன்றாக வளர்கிறது என்பதற்குத் தோட்டத்தில் இதைவிடப் பெரிய சாட்சி இல்லை. அதிகாரிக்கோ ஒவ்வொரு வாயும் ஒரு குற்றச்சாட்டு. “கைக்குக் கை மாறுற பிள்ளை மிஸ்” என்றார் என்னிடம். “நிரந்தரப் பொறுப்பாளர் ஒருத்தரும் இல்ல.”

பதுளைச் சிறுவர் இல்லத்தையும் நான் அளந்திருக்கிறேன். நீண்ட மண்டபம். இரண்டு கட்டில்களுக்கு நடுவே என் முழங்கால் நுழையாது.

“இல்லத்துலயும் பாத்துக்கிறவங்க காலையும் மாலையும் மாறுறாங்கதானே சேர்?”

“அது ஷிப்ட்.”

“இங்கயும் கொழுந்து நேரத்தப் பாத்துத்தான் மாறுறாங்க.”

“சம்பளத்துக்குப் பாக்கிறதும் சும்மா பாக்கிறதும் ஒண்ணா மிஸ்?”

ஒன்றல்ல என்பதில் எனக்கும் சந்தேகமில்லை.

சின்னம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள். “புள்ளைய அனுப்ப மாட்டேன் சேர். ஒரு பேருதானே வேணும்? எம்பேர எழுதிக்கோங்க.”

அவர் இளகினார், நிபந்தனையோடு. பிள்ளை சின்னம்மா வீட்டிலேயே உண்ண வேண்டும், உறங்க வேண்டும். வேறு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. மற்றவர்கள் இங்கே வந்து புழங்கவும் கூடாது. மீறினால் இல்லம்தான்.

அடுத்த மாதம் சரிபார்க்க அதிகாரிக்கு நேரமில்லாததால் நான் மட்டும் போனேன். மத்தியானம். பள்ளி விட்டிருந்தது. நிரந்தரப் பொறுப்பாளர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். பூட்டிய கதவின் முன்னால், இஸ்தோப்புத் திண்ணையின் விளிம்பில், பிள்ளை தனியே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். கடைசி வீட்டு அத்தை வாசலுக்குக் கீழே ஓடும் கழிவுநீர்க் கானுக்கு அந்தப் பக்கம் நின்று, உடம்பை வளைத்துக் கையை எட்டி நீட்டி, சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கை அந்தரத்தில் நின்றது.

“மிஸ், அவ வெளிய வரல. நானும் உள்ள வரல” என்றாள். “நடுவுல சோறு மட்டுந்தான் போகுது.”