இரும்பு ரிவிட்டும் அக்காவின் சிரிப்பும்

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். பி.யு.சி. வரை படித்திருந்தேன். அக்காவைப் பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள், கூடத்தில் ஆடிக்கொண்டிருந்த, அலுமினியத் தகட்டாலான பாத்திர அலமாரியைச் சரிசெய்யும் பொறுப்பை அம்மா என்னிடம் தந்தாள்.

தகடுகளைச் சேர்த்து அடிக்கும் ரிவிட்டு ஆணி கேட்டதும், பெரம்பலூர் இரும்புக்கடைக்காரர், "எந்தத் தகட்டுக்குங்க தம்பி ரிவிட்டு?" என்று கேட்டார்.

"நான் பி.யு.சி. படிச்சிருக்கேங்க. இருக்கறதுலயே பெரிய இரும்பு ரிவிட்டா குடுங்க," என்றேன்.

வீட்டில் பழைய ஓட்டைகளைப் பெரிதாக்கி, ரிவிட்டுகளைச் செருகி அடித்தேன். இரும்பு நசுங்கவில்லை. மெல்லிய தகடுதான் கிழிந்தது. கிழிசலைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, "யானை ஏறுனாலும் தாங்கும்மா," என்றேன். அம்மா அதை நம்பி, பக்கத்து வீட்டுப் பித்தளைக் குடங்களையும் வாங்கி வந்து அடுக்கினாள்.

மறுநாள் செந்துறையிலிருந்து வந்தவர்கள் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது அலமாரி சரிந்தது. ஒரு குடம் உருண்டுபோய் மாப்பிள்ளையின் காலடியில் நின்றது. சமையலறையில் அக்கா அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள். என்னால் சம்பந்தமே போயிற்று என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை குனிந்து, கழன்று விழுந்த ரிவிட்டு ஒன்றை எடுத்துப் பார்த்தார். "இது மாட்டுவண்டிக்கு அடிக்கிறதுங்க. அலுமினியத்துக்கு அலுமினிய ரிவிட்டுதான் போடணும். யாரு அடிச்சது?"

அம்மா என்னைக் காட்டினாள். "படிச்ச புள்ளைங்க."

உள்ளே சிரிப்பு இன்னும் பலமானது. மாப்பிள்ளையும் சிரித்துவிட்டுத் தன் தாயிடம் திரும்பினார். "எனக்குப் புடிச்சிருக்கும்மா. அலமாரிய நானே வந்து அடிச்சுத் தந்துடுறேன்."

அத்தான் அடித்த அலமாரி ஆடாமல் நிற்கிறது. நானும் இப்போதெல்லாம் கடைக்காரர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.