முதல் வாளி

இந்த மலாயா நாட்டில் மழை பெய்தால் யாரும் ஓடிப்போய்க் குடத்தை வெளியே வைப்பதில்லை. ஆயர் தாவார் கடைத்தெருவில் பிற்பகல் மழை கொட்டுகிறது. ஜனங்கள் கடை வாசலில் ஒதுங்கி நின்று, எப்போது விடும் என்று அலுப்போடு வானத்தைப் பார்க்கிறார்கள். இத்தனை வருஷமாகியும் எனக்குக் கை பரபரக்கிறது. செட்டிநாட்டுப் பக்கத்தில் பிறந்தவனுக்கு அது எளிதில் போகாது. எங்கள் ஊரில் ஊருணிக்குள் செருப்புக் காலோடு இறங்கியவனைப் பஞ்சாயத்தில் நிறுத்துவார்கள். அப்படிப்பட்ட காய்ந்த சீமையிலிருந்து கப்பலேறி, ஓயாமல் பெய்யும் இந்த மழைநாட்டுக்கு வந்தவன், இங்கே வந்துதான் தண்ணீரால் செத்துப் பிழைத்தேன் என்றால் ஊரில் யாரும் நம்புவதில்லை. சிரிக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் ஆண்ட காலம். ஆயர் தாவாரை ஒட்டிய ஒரு தோட்டத்தில், ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகைபோடும் கொட்டகையில் எனக்கு வேலை. என் மனைவி வள்ளி பால்மரம் சீவினாள். வெள்ளைக்காரத் துரைமார்கள் ஓடிப்போய்விட்டார்கள். ஒருநாள் காலையில் ஆண்களை எல்லாம் திடலில் வரிசையாக நிறுத்தினார்கள். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். இடுப்பில் வாளோடு ஓர் அதிகாரி வந்து, அரைகுறை மலாயில் ஒவ்வொருவரிடமும் ஏதோ கேட்டான். எந்த ஊர் என்று கேட்கிறான் என நினைத்து, "சாயா ஆயர் தாவார்" என்றேன். அவன் நின்றுவிட்டான். உண்மையில் அவன் கேட்டது, என்ன வேலை தெரியும் என்று. ஆயர் தாவார் என்றால் மலாயில் உப்பில்லாத நல்ல தண்ணீர். 'நான் நல்ல தண்ணீர்க்காரன்' என்று அவன் காதில் விழுந்திருக்கிறது. என்னைத் தனியே இழுத்து நிறுத்தினார்கள். எனக்கு இந்தப் பக்கம் நின்றவரும் அந்தப் பக்கம் நின்றவரும் சயாமுக்குப் போனார்கள். இருவரும் திரும்பவில்லை.

என்னை லுமூட் துறைக்குக் கொண்டுபோய், எதிரே இருந்த தீவுக்குப் படகேற்றினார்கள். அங்கே சிப்பாய்களின் காவல் முகாமும் ஒரு நீராவிப் படகும் இருந்தன. மழையில்லாத மாதங்களில் பம்பு வைத்து இறைத்ததில் தீவின் கிணற்றுக்குள் கடல் புகுந்துவிட்டது. அந்தத் தண்ணீரை ஊற்றி, படகின் பாய்லருக்குள் உப்பு பாறையாக இறுகிக் கிடந்தது. தீவில் மளிகைக்கடை வைத்திருந்த காதர் பாயைத்தான் மொழிபெயர்ப்புக்கு வைத்திருந்தார்கள்.

"அண்ணே, கடத்தண்ணிய நல்ல தண்ணியா மாத்திக் குடுக்கணுமாம். படகுக்கும் வேணும், ஆளுங்களுக்கும் வேணும். நீங்க அந்த வேலை தெரிஞ்சவராமே?"

"பாய், எனக்குப் புகைபோடத்தான் தெரியும். ஊரு பேரத்தான் சொன்னேன்."

அவர் முகம் வெளுத்துப் போனது. "அத இப்ப வாயத் தொறந்து சொல்லிறாதீங்க லா. ஏமாத்திட்டான்னு தலைய எடுத்துருவான்."

கடற்கரையில் நெத்திலி அவிக்கும் பெரிய அடுப்புகள் இருந்தன. ஒரு மண்ணெண்ணெய்ப் பீப்பாயைக் கழுவி, கடல்நீரைக் கழுத்துவரை நிரப்பி, ஆவி போக ஒரு குழாயைச் செருகி, கண்டபடி தீ வைத்தேன். குழாய்முனையில் வந்ததை அந்த வாள்கார அதிகாரி ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் துப்பினான். விட்ட அறையில் காது அடைத்துக்கொண்டது. "பேசோக்" என்றான். நாளைக்கு. அவ்வளவுதான் தவணை.

அப்போதுதான் ஆசோ வந்தாள். அந்த அடுப்புகளில் நெத்திலி அவித்துப் பிழைத்த சீனப் பெண்மணி. 'அண்ணி' என்ற பொருளில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் அவள் சம்சு என்ற கள்ளச்சாராயம் காய்ச்சுவது தீவு முழுக்கத் தெரியும், வெளியே யாரும் பேசமாட்டார்கள். பீப்பாயை ஒருமுறை சுற்றி வந்தாள்.

"முழுசா ரொப்புனா பொங்கி உப்பும் கூடத்தான் வரும் லா. பாதிக்கு மேல ஊத்தாத. தீய அடக்கு. குழாய கடத்தண்ணித் தொட்டியில முக்கி வை, சூடு ஏறவிடாத." அவள் மலாயில் சொன்னதைத்தான் என் தமிழில் எழுதுகிறேன். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கூடவே இருந்து செஞ்சு தாரேன். ஆனா எங்காளுங்களுக்கும் தண்ணி வேணும்."

அவள் குடியிருந்த வீட்டு வரிசையில் கிணற்றின் உப்புநீரைக் குடித்து எல்லோருக்கும் வயிற்றுப்போக்கு. கைக்குழந்தைகள் இரண்டு செத்திருந்தன.

மறுநாள் வடிந்த தண்ணீரில் உப்பு இல்லை. ருசியே இல்லை. அதிகாரி குடித்துவிட்டுத் தலையசைத்தான். சம்சுவில் முதலில் வடிவது ஆகாது என்று கொட்டிவிடுவார்களாம். ஆசோ அதையே இதற்கும் சொன்னாள்: முதல் வாளி விஷம், பாறைக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். காதர் பாய் அதைப் பயபக்தியோடு மொழிபெயர்த்தார். பாறைக்குப் பின்னால் தீவுக்காரர்களின் பானைகள் காத்திருந்தன. எங்கள் ஊரில் எந்தத் தெருவுக்கு எந்தக் கிணறு என்று வகுத்து, தாகத்தோடு வந்தவனைக்கூடத் தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறோம். இங்கே சீனர்களும் மலாய்க்காரர்களும் காதர் பாய் வீட்டாரும் நானும் குடித்தது அந்த ஒரே வாளித் தண்ணீரை. ஒவ்வொரு காலையும் அதைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது, துப்பாக்கி குறிவைத்தது போல முதுகு கூசும்.

ஒருநாள் அந்த அதிகாரியே வந்து வாளியருகே நின்றான். தகரக் குவளையால் மொண்டான். என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"மினும்!"

"குடிக்கச் சொல்றான்" என்றார் காதர் பாய். அது மொழிபெயர்க்காமலே எனக்குப் புரிந்திருந்தது. குடித்துவிட்டு நிமிர்ந்து நின்றால் அது விஷமில்லை, நாங்கள் திருடர்கள். குடிக்க மறுத்தால் அதற்கும் வாள்தான். ஆசோ கையில் விறகோடு அப்படியே நின்றாள். வள்ளியின் முகத்தை நினைக்கப் பார்த்தேன், வரவில்லை. குவளையை வாங்கிக் கடகடவென்று குடித்தேன். தண்ணீர் நெஞ்சைத் தாண்டும் முன்பே திரும்பி வந்தது. மண்டியிட்டு, குடல் வெளியே வருவது போல வாந்தியெடுத்தேன். அவன் பூட்ஸிலும் தெறித்தது.

அதிகாரி குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தான். பிறகு அவன் பின்வாங்கி, பலமாகச் சிரித்தான். பாறைப் பக்கம் கையைக் காட்டி, கொட்டிவிட்டு வரச் சொல்லிப் போய்விட்டான். அதற்குப் பின் அந்த வாளியை யாரும் கேட்கவில்லை.

"என்னா நடிப்புண்ணே! நானே நம்பிட்டேன் லா" என்றார் காதர் பாய்.

"நடிக்கல பாய். பயம்."

ஒரு சொட்டுச் சிந்தினாலும் என்னைத் திட்டும் ஆசோ, அந்த நல்ல தண்ணீரை மொண்டு என் முகத்தைக் கழுவிவிட்டாள்.

மழைக்காலம் வந்து கிணறு தெளிந்தது. பிறகு ஜப்பான் தோற்ற செய்தி வந்தது, சிப்பாய்கள் போனார்கள். வள்ளி உயிரோடு இருக்கிறாள் என்று லுமூட்டிலிருந்து வந்த மீன்காரர் சொன்னார். புறப்படும் நாளில் ஆசோ படகுத்துறைக்கு வந்தாள். "பாலேக் ரூமா?" என்று கேட்டாள். வீட்டுக்கா? ஆமென்று தலையாட்டியபோது, என்னையறியாமல் என் கை மேற்கே நீண்டது. அவள் குழம்பிப்போனாள். "அங்கிட்டு வெறுங்கடல்தானே லா. லுமூட் இங்கிட்டு இருக்கு." கையை இறக்கிக்கொண்டேன்.

படகில் ஆள் போதாமல் நானும் ஒரு துடுப்பைப் பிடித்தேன். துடுப்பு வலிப்பவன் போகிற கரைக்கு முதுகு காட்டித்தான் உட்கார வேண்டும். ஒவ்வொரு வலிப்புக்கும் வள்ளி இருக்கும் கரை நெருங்குவது முதுகுக்குத் தெரிந்தது. கண்ணெதிரே தீவு சிறுத்துக்கொண்டே போனது. அதைத் தாண்டி, நான் பிறந்த ஊர் வரைக்கும், கடல் கிடந்தது.