ஒற்றை விரல் பாதை

முதல் அறிகுறி வலியாக வரவில்லை. வலித்திருந்தால் நானும் ஒழுங்காக மருத்துவரிடம் போயிருப்பேன். புருலியா மலைப்பக்கம் ஒரு செம்மண் இறக்கத்தில் சைக்கிளின் இடது பிரேக்கைப் பிடித்தேன். பிடித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். வண்டி வேகம் குறையவில்லை. வலது பிரேக் இருந்ததால் சரளையில் சறுக்கி, ஒரு சால் மரத்தை உரசிக்கொண்டு நின்றேன். குனிந்து பார்த்தால் இடது கை விரல்கள் பிரேக்கின் மேல் சும்மா படுத்திருந்தன.

நான் கொல்கத்தாவில் பாலிகஞ்சில் வசிப்பவள். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை, எனக்கு வங்கியில். திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி வந்து, அப்படியே தங்கிவிட்ட குடும்பம். நாற்பதைத் தாண்டியபின் எனக்குப் பிடித்த பைத்தியம் கிராவல் சைக்கிள். வளைந்த கைப்பிடியும் தடித்த டயருமாக, தார் போடாத பாதைகளுக்கென்றே செய்த வண்டி அது. மழை ஓய்ந்ததும் நாங்கள் ஐந்தாறு பேர் சக்கரங்களைக் கழற்றிப் பையில் கட்டிக்கொண்டு ஹௌராவில் ரயிலேறுவோம். புருலியாவில் அயோத்தியா மலையைச் சுற்றி, அணைக் கரைகளின் மேலாக, சால் காடுகளின் ஊடாக ஓட்டுவோம். புதிய பாதைகளைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பாதை முடிந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் விரல் காட்ட வேண்டும். கல்லில் அதிர்ந்து அதிர்ந்து உள்ளங்கை எவ்வளவு மரத்திருக்கிறது என்பதுதான் கணக்கு. ஒரு விரல் என்றால் மெத்தை மாதிரிப் பாதை. ஐந்தும் விரித்தால் டீக் குவளையைக்கூடப் பிடிக்க முடியாத பாதை. அடுத்த முறை எந்த டயர் போடுவது, புதியவர்களை அழைத்து வரலாமா என்பதையெல்லாம் இந்த விரல்களைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம். ஐந்து காட்டுகிறவர் முகத்தில் ஒரு பெருமை இருக்கும். கை மரப்பதைக் கொண்டாடுகிற கூட்டத்தில் ஒருத்திக்கு நிஜமாகவே கை மரத்துப்போனால் யார் கவனிப்பார்கள்?

நானே கவனிக்கவில்லை. கைப்பிடியில் இரட்டைத் துணி சுற்றினேன். மெத்தை வைத்த கையுறை வாங்கினேன். டயரில் காற்றைக் குறைத்தேன், கைப்பிடியை உயர்த்தினேன். ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் சரியானது போலத் தோன்றும். சைக்கிள் ஓட்டுகிறவர்களின் புத்தி இது. உடம்பில் எது கெட்டாலும் வண்டியில்தான் திருகு தேடுவோம்.

வீட்டில் வேறு அறிகுறிகள் வந்துகொண்டிருந்தன. ரவிக்கைக் கொக்கி மாட்ட நேரமாயிற்று. தட்டுகள் நழுவின. வலது கையும் சேர்ந்துகொண்டது. வங்கியில் பிறர் கையெழுத்து பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்புகிற எனக்கே என் கையெழுத்து தினம் ஒரு மாதிரி வந்தது. மகள் மாலினி கல்லூரியில் படிக்கிறாள். அவளுக்கு வங்காளம்தான் சரளம். ஒருநாள் கடியாஹாட் கடைகளில் சுற்றிவிட்டு வரும்போது தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"மா, எப்படிச் சொல்றதுன்னு தெரியல. உன் நடை கேமோன் யேனோ இருக்கு, ஒரு மாதிரி. தரையப் பாத்துப் பாத்தே நடக்கற."

"ரோடு அந்த லட்சணத்துல இருக்கு, அதான்" என்றேன்.

கணவர் அவ்வளவு தயங்கவில்லை. "கை மரக்குது மரக்குதுன்னு ஒரு வருசமாச் சொல்லுத. கையுறைய மாத்துத, டயர மாத்துத. ஆள மாத்த முடியாதுல்லா? டாக்டர்ட்ட போவோம், வா."

"இந்தக் குளிர்காலம் முடியட்டும்ங்க" என்றேன். பலாசம் பூக்கும் பருவத்துக்குள் ஒரு புதிய பாதையை முடித்துவிட வேண்டும் என்பது என் அவசரம்.

அந்தப் பாதை முர்குமா அணைப்பக்கம் இருந்தது. ஓட்டி முடித்து, டீக்கடையில் விரல் காட்டினோம். நான் நான்கு. மற்ற எல்லோரும் ஒன்று. "தீதி, வெண்ணெய் மாதிரி இருந்த பாதைக்கு நாலா?" என்று சிரித்தார்கள். வயசாகிவிட்டது என்று நானும் சேர்ந்து சிரித்தேன். அப்போது டீ வந்தது. சின்னக் கண்ணாடிக் குவளைகள். எல்லோரும் விளிம்பில் இரண்டு விரலால் பிடித்து ஊதிக்கொண்டிருந்தார்கள். தேபு மட்டும் ஊதுவதை நிறுத்தி என்னையே பார்த்தான். எங்கள் கூட்டத்தில் என்னோடு அதிகம் ஓட்டியவன், பேச்சு குறைந்தவன்.

"தீதி, அது கொதிக்குது. கீழ வைங்க."

நான் குவளையை முழு உள்ளங்கையாலும் பிடித்திருந்தேன். கீழே வைத்துப் பார்த்தபோது தோல் சிவந்திருந்தது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. யாரும் சிரிக்கவில்லை. அன்றுதான் பயந்தேன்.

பைபாஸ் ஓரத்திலிருந்த மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவர் முதலில் என் கையைப் பார்க்கவில்லை, நடையைப் பார்த்தார். குதிகாலையும் கால் கட்டைவிரலையும் ஒட்டி ஒட்டி வைத்து ஒரே கோட்டில் நடக்கச் சொன்னார். சுவரைப் பிடித்தேன். என் நடுவிரல் நகத்தைச் சுண்டினார். நான் அசைக்காமலே கட்டைவிரல் துள்ளியது. கைகளை வேகமாக மூடி மூடித் திறக்கச் சொன்னார். கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்று பேச்சுக்குச் சொல்வோமே, எனக்கு அது அப்படியே நடந்துகொண்டிருந்தது.

எம்ஆர்ஐ (காந்தப்புலத்தால் உடலின் உள்ளே படமெடுப்பது) எடுத்தபின் பெயர் தெரிந்தது: செர்விகல் மைலோபதி (கழுத்தெலும்புகளுக்குள் தண்டுவடம் நசுங்கி, கைகால் நரம்புகள் கெட்டுப்போவது). படத்தில் தண்டுவடம் ஓரிடத்தில் நூலாய் இளைத்திருந்தது.

"சைக்கிள் ஓட்டினதாலயா டாக்டர்?"

"பிறவியிலயே உங்களுக்குத் தண்டுவடம் போற குழாய் குறுகல். வயசாக ஆக எலும்புக்கு நடுவுல இருக்கற வட்டு பிதுங்கி நெரிச்சிருக்கு. சைக்கிளே தொடாதவங்களுக்கும் இது வரும்" என்றார். பிறகு, "ஆனா சைக்கிளாலதான்னு நீங்க நெனச்சிட்டதால லேட்டா வந்திருக்கீங்க" என்றார்.

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

அறுவை செய்த மருத்துவர் இன்னும் நேராகப் பேசினார். கழுத்தின் முன்புறம் கீறி, நெரிக்கும் வட்டுகளை எடுத்து, தகடும் திருகும் வைப்பார்கள். "இது மேல மேல மோசமாகாம நிறுத்தத்தான் ஆபரேஷன். போனது திரும்பும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்." வெளியே தாழ்வாரத்தில் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிடித்திருக்கிறார் என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இதே நோயோடு இதை வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அறுவை முடிந்து கண் விழிக்கும்போது எல்லாம் திரும்பியிருக்கும் என்று மனம் எதிர்பார்க்கும். மருத்துவர் எத்தனை முறை சொல்லியிருந்தாலும் எதிர்பார்க்கும். எனக்குக் கால் தேறியது. கொஞ்ச நாள் ஊன்றி நடந்த கோலை விட்டு நடக்கிறேன். கொதிப்பது கொஞ்சம் தாமதமாகத் தெரிகிறது. கை அப்படி வரவில்லை. பிசியோதெரபி (உடற்பயிற்சியால் தரும் சிகிச்சை) தருகிற பெண் அரிசிக் கிண்ணத்தில் ராஜ்மா கொட்டைகளைப் புதைத்துவிட்டுக் கண்ணை மூடித் தேடி எடுக்கச் சொல்வாள். நான் அரிசியை எடுப்பேன். சில நாட்கள் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு அழுதிருக்கிறேன். அவள் சிந்தியதைப் பொறுக்கி மீண்டும் புதைப்பாள்.

சைக்கிள் ஓட்டலாமா என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன். கடைசியாகக் கேட்டபோது அறுவை மருத்துவர் பேனாவை மூடி வைத்தார். வீட்டில் நிறுத்திவைத்து மிதிக்கிற சைக்கிள் போதும், இறக்கம் வேண்டாம், கழுத்தில் ஒரு அடி பட்டால் சக்கர நாற்காலிதான் என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. வண்டி தேபுவிடம் போயிற்று. அவன் அதை ஓட்டுகிறானா, வைத்திருக்கிறானா என்று நான் விசாரிப்பதில்லை.

முன்பெல்லாம் நேரம் என்றால் எனக்குப் பாதை. இந்த வளைவுக்கு அப்புறம் ஏற்றம், ஏற்றத்துக்கு அப்புறம் அணை. இப்போது நேரம் முழுவதும் நான் ஒன்றை நினைப்பதற்கும் விரல் அதைச் செய்வதற்கும் நடுவில் போய்விடுகிறது. பொத்தான் போட நினைக்கிறேன். காத்திருக்கிறேன். விரல் வருகிறது. சில சமயம் வேறு எங்கோ போகிறது.

போன குளிர்காலத்தில் நண்பர்கள் விடாமல் கூப்பிட்டதால் போனேன். அவர்கள் சைக்கிளில், நான் கணவர் ஓட்டிய காரில், பின்னால். அதே முர்குமா பாதை. கண்ணாடியை இறக்கி, சரளை டயரில் நொறுங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தேன். கல் எதுவும் பெரிதில்லை. நடுவில் ஓரிடத்தில் மணல், அவ்வளவுதான். அன்று அவர்கள் சொன்னது சரி. இது வெண்ணெய்ப் பாதை.

டீக்கடை பெஞ்சில் எனக்கு இடம் விட்டிருந்தார்கள். தேபு என் குவளையை வாங்கி, ஆறட்டும் என்று தன் பக்கம் வைத்துக்கொண்டான். யாரோ பழக்கத்தில் "எத்தன?" என்று கேட்டுவிட்டார்கள். கணவர் கடைக்காரரிடம் ஏதோ கேட்பதுபோல் எழுந்து போனார்.

"சொல்லுங்க தீதி. பாதை உங்களோடது" என்றான் தேபு.

எல்லோரும் கையை உயர்த்தினார்கள். நானும் உயர்த்தினேன். ஒன்று என்று காட்ட நினைத்தேன். மற்ற விரல்களை மடக்கச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். அவை மடங்கவில்லை. எல்லோரும் ஒரு விரலை நீட்டிக்கொண்டு எனக்காகக் கையை இறக்காமல் இருந்தார்கள். என் கை மட்டும் ஐந்தையும் விரித்தபடி நின்றது.