வெயிலில் வைத்த சோயா

எறும்புகள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் தீரவில்லை. தப்பு என்னுடையதுதான். ஆனாலும் பாதியை யார் தலையிலாவது போட்டால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மாவும் நானும் கதிரவெளியில் சின்னம்மா வீட்டோடு இருந்தோம். குவைத்தில் வீட்டு வேலைக்குப் போகச் சின்னம்மா பாஸ்போட் எடுத்து வைத்திருந்தா. போகத்தான் மனமில்லை. அந்த நேரம் பார்த்து விவசாயப் போதனாசிரியர் வந்து, காடு வெட்டிப் பயிர்செய்கிற எங்கள் சேனையில் சோயா போட்டுப் பார்க்கச் சொன்னார். "இது மட்டும் விளைஞ்சிதெண்டா நான் ஒரு இடமும் போகமாட்டன் புள்ள" என்றா சின்னம்மா. அவ ஊட்டினால்தான் எனக்குச் சோறு இறங்கும். ஆகவே அந்தச் சோயா விளைந்தே ஆகவேண்டும் என்று நானும் முடிவெடுத்துவிட்டேன்.

போதனாசிரியர் விதையோடு ஒரு பைக்கற் கறுப்புத் தூளும் கொடுத்தார். விதையைச் சீனித்தண்ணியில் நனைத்து, தூளில் பிரட்டி, நிழலில் உலரவிட்டு, அன்றைக்கே விதைக்க வேண்டும். இந்த மண் சோயாவைக் கண்டதேயில்லை, தூள் இல்லாமல் சரிவராது என்றார். சின்னம்மா எல்லாம் சொன்னபடி செய்து, சுளகில் பரப்பி அடுப்படியில் வைத்து, "பாத்துக்கொள்ளு, வாறன்" என்று சேனைக்குப் போனா.

கொஞ்ச நேரத்தில் சுளகு முழுக்க எறும்பு! சீனியென்றால் சும்மா விடுமா? அரிசியில் எறும்பு மொய்த்தால் அம்மா வெயிலில் வைப்பா. நானும் சுளகைத் தூக்கி, கொதிக்கிற முற்றத்து மணலில் வைத்தேன். மத்தியானம் ஒரு எறும்பும் மிச்சமில்லை. நிழலில் வைக்கச் சொன்னது நினைவுக்கு வர, ஒன்றும் தெரியாதவள்போல் சுளகை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

முளைக்கத்தான் செய்தது. ஒரு மாதத்தில் இலையெல்லாம் மஞ்சள். போதனாசிரியர் ஒரு செடியைப் பிடுங்கி உதறினார். வேர் கழுவி எடுத்தமாதிரிச் சுத்தமாக இருந்தது. நல்ல வேர்தானே என்று நான் நினைத்தேன்.

"ஒரு முடிச்சும் இல்லையே அக்கா. விதையை வெயிலில காட்டினீங்களா?"

"ஐயோ, இல்ல சேர். இவள்தான் காவலுக்கு இருந்தவள்." சின்னம்மா என்னைப் பார்த்தா.

"ஓம் சேர், நிழலிலதான் இருந்த" என்றேன்.

"அப்ப இந்த மண்ணுக்கு இது சரிவராது." அடுத்த விதைப்புக்கென்று வெளியே எடுத்த இன்னொரு பைக்கற்றை அவர் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார். இரண்டு மாதத்தில் சின்னம்மாவும் குவைத்துக்குப் போய்விட்டா.

பத்தாம் வகுப்பில் டீச்சர் ஒரு பயற்றஞ்செடியின் வேரைக் காட்டினா. குட்டிக்குட்டி முடிச்சுகள். ஒன்றை நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. அதற்குள் குடியிருக்கிற பக்டீரியா காற்றிலுள்ள நைதரசனைச் செடிக்கு உணவாக்கிக் கொடுக்கும், பதிலுக்குச் செடி அதற்குச் சீனி கொடுக்கும் என்றா. அந்தக் கறுப்புத் தூள் முழுக்க உயிர் இருந்திருக்கிறது. வெயிலில் நான் எறும்பை மட்டும் விரட்டவில்லை. வகுப்பென்றும் பாராமல் அழுதுவிட்டேன்.

சின்னம்மா இன்னும் அங்கேதான். வீடியோவில் வரும்போதெல்லாம், "நம்மட மண் ராசியில்லாத மண் புள்ள" என்று சொல்லுவா. நான் தலையாட்டுவேன், பாவி.

ஓம் சேர் என்று சொன்ன அன்றைக்கு, ஒரு ஏச்சிலிருந்து தப்பிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். உள்ளதைச் சொல்லியிருந்தால் அவர் அந்த இரண்டாவது பைக்கற்றை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போயிருப்பார், சின்னம்மாவும் இருந்திருப்பா என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.