ஒரு பக்கம் மட்டும் பூசிய இறக்கை

கார் தொழிற்சாலையின் பெயின்ட் அறையில் பத்தொன்பது வருஷமாக வண்ணம் தெளித்தவர் அவர். மூக்கை மறைக்க நிர்வாகம் கொடுத்தது ஒரு துணித்துண்டு. புகையை வெளியே தள்ள ஒரு காற்றாடி இருந்தது; அது சுற்றிக் கண்ணால் பார்த்தவர் எவராவது உண்டா என்று ஆட்கள் பந்தயம் கட்டுவார்கள். இப்போது அவருக்கு விரல் நுனிகள் மரத்துவிட்டன. மாடிப்படியில் பாதியிலேயே நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. வேறு பிரிவுக்கு மாற வேண்டுமானால், ‘இது வேலையால் வந்த நோய்’ என்று கம்பெனி டாக்டர் ஒரு வரி எழுத வேண்டும். அந்த ஒரு வரிக்காக மூன்று மாதம் நடையாய் நடந்தார்.

வீட்டில் அவருக்கு ஒரே ஒரு கிறுக்கு உண்டு. அந்தக் காலத்துப் போர் விமானம் ஒன்றின் மாதிரியை முழ நீளத்தில் செய்துகொண்டிருந்தார். மேலும் கீழும் இரட்டை இறக்கை. இடையே கம்பிகளுக்குப் பதிலாக நூல். விலா எலும்பு மாதிரி குச்சிகளை ஒட்டி, மெல்லிய காகிதம் போர்த்தி, நீர் தெளித்துக் காயவிட்டு, மேலே மெருகு பூச வேண்டும். இரண்டு பக்கமும் அடுத்தடுத்துப் பூச வேண்டும். ஒரு பக்கத்தோடு நிறுத்தினால் காகிதம் இழுத்து இறக்கையே முறுக்கிக்கொள்ளும். குச்சி கையில் இருப்பதே விரலுக்குத் தெரியாததால், கண்ணால் பார்த்துப் பார்த்துப் பிடித்தார்.

“இதுல ஏறி எங்க போறதா உத்தேசம்? என்னையும் கூட்டிட்டுப் போங்க,” என்றார் மனைவி.

“ஒரு ஆளுக்குத்தான் இடம். அதுவும் பாராசூட் கிடையாது.”

பாராசூட் கொடுத்தால் விமானிகள் சண்டையில் விமானத்தை விட்டுக் குதித்துவிடுவார்கள் என்று அந்தக் காலத்து மேலிடத்தில் சிலர் பயந்ததாக எங்கோ படித்ததை அவளிடம் சொன்னார்.

“உங்க கம்பெனி அப்பவே இருந்துச்சா?” என்றார் மனைவி.

கடைசியாகப் போனபோது டாக்டர் வழக்கத்துக்கு மாறாகக் கனிவாகப் பேசினார். பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டார். அவரிடம் அதை யாரும் கேட்டதே இல்லை. மடை திறந்ததுபோல விமானத்தைப் பற்றிச் சொன்னார், மெருகு உட்பட.

“அது நெடி அடிக்குமா?”

“அடிக்கும் சார், நம்ம பெயின்ட்ல கலக்குற தின்னர் மாதிரியே. ஆனா கட்டைவிரல் அளவு பாட்டில்தான், வருஷம் பூரா வரும்.”

டாக்டர் முதல் வாக்கியத்தை மட்டும் எழுதிக்கொண்டார்.

மேல் இறக்கைக்கு ஒரு பக்கம் பூசி முடித்த மாலையில் கம்பெனி டாக்டரின் கடிதம் வந்தது. மனைவி வாசித்தார். ‘தொழிலாளி வீட்டில் ரசாயன மெருகு பயன்படுத்துகிறார். நோய்க்கும் வேலைக்கும் தொடர்பில்லை. அதே பிரிவில் தொடரலாம்.’

பத்தொன்பது வருஷத்துப் பெயின்ட் பீப்பாய்களைத் தராசின் ஒரு தட்டிலும் கட்டைவிரல் பாட்டிலை மறு தட்டிலும் வைத்தார்கள், பாட்டில் கனத்துவிட்டது. எழுதியவர் விஞ்ஞானம் படித்தவர். இது அறியாமை அல்ல. அறியாமைக்காவது மருந்து உண்டு.

“நான்தான் வாயக் குடுத்தேன்,” என்றார் அவர்.

மனைவி கடிதத்தை மடித்து வைத்தார். “அந்தப் பாட்டில மூடுங்க,” என்றார்.

“கீழ்ப்பக்கம் இன்னும் பூசல.”

“பூசினா அதையும் எழுதுவாங்க.”

மூடினார். காலையில் இறக்கை பிழிந்த துணியாக முறுக்கிக் கிடந்தது. அவர் அதைத் தொடவில்லை. கொடியில் காய்ந்த துணித்துண்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு முதல் ஷிப்டுக்குக் கிளம்பினார்.