சல்லடை பிடித்தவர் மூச்சு

என் தங்கையின் கணவரை நான் கன்னத்தில் அறைந்தேன். பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, பட்டாசு ஆலையின் மருந்து ஷெட் வாசலில் வைத்து. பன்றிக் காய்ச்சல் பரவிய வருடம் அது. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது.

ஆனைக்குட்டம் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் நான் போர்மேன், வேதியியல் படித்தவன். மாப்பிள்ளை அங்கே அலுமினியப் பொடி சலித்து மருந்து கலக்குகிறவர். பொடி நெஞ்சுக்குள் போகாமலிருக்க எங்கள் ஆட்கள் மூச்சை அடக்கிக்கொண்டே ஒரு சல்லடை சலிப்பார்கள். வாசலுக்கு வந்து மூச்சு விட்டுவிட்டுத் திரும்பப் போவார்கள். அதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

காய்ச்சல் அவரை மதுரை ஆஸ்பத்திரியில் செயற்கை சுவாசத்தில் கிடத்தியது. பிழைத்து வந்தபோது மூன்று பந்துகள் போட்ட பிளாஸ்டிக் கருவி ஒன்றைக் கொடுத்தனுப்பினார்கள். குழாயில் உறிஞ்சினால் பந்துகள் எழ வேண்டும். அவருக்கு ஒன்றுதான் எழுந்தது. நுரையீரல் தேற மாதக்கணக்காகும், தூசியும் புகையும் ஆகாது என்று டாக்டர் சொன்னதைத் தங்கை என்னிடம் சொன்னாள்.

சீசன் நேரம். மருந்து கலக்க ஆளில்லாமல் லோடு நின்றது. அவர் வீட்டுக்குப் போனேன்.

"மாப்ள, மூச்ச அடக்கிக் காட்டுங்க பாப்போம்."

நாற்காலியில் உட்கார்ந்தபடியே அடக்கினார். ஒரு சல்லடை நேரம் தாங்கினார்.

"பெறகென்ன? பந்து வெளையாடவா கூப்பிடுதேன்?"

"மச்சான் சொன்னா சரிதான்" என்று சிரித்தார். தங்கை சிரிக்கவில்லை.

உட்கார்ந்திருப்பவன் மூச்சு வேறு, உழைப்பவன் மூச்சு வேறு. கை வீசி வேலை செய்தால் உடம்பு அதிகக் காற்றைக் கேட்கும். நோயில் இறுகிய நுரையீரலால் கொடுக்க முடியாது. இது எனக்குத் தெரியும். தெரிந்ததை நினைக்கவில்லை.

மறுநாள் முதல் சல்லடை பாதியிலேயே அவருக்கு மூச்சு உடைந்தது. வாயைத் திறந்தார்; பொடி உள்ளே போனது. வாசலில் வந்து குந்தி, குடல் வெளியே வருவதுபோல் இருமினார். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"நடிக்கியாலே?" என்று கத்திக்கொண்டே அடித்தேன். அடுத்த ஷெட்டில் ஒருத்தி, "ஐயோ, சீக்காளிய அடிக்காகளே" என்றாள். அவர் எழுந்து உள்ளே போனார்.

மறுபடி இருமல் கேட்டது. சல்லடை கைநழுவித் தரையில் உரசியது. வெள்ளை நெருப்பு. கூரை பிய்ந்து பறந்தது. எல்லாரும் ஓடினார்கள். ஓட மூச்சில்லாத அவர் வாசற்படியிலேயே மல்லாக்க விழுந்தார். கால்களைப் பிடித்து இழுத்தேன். சட்டையோடு முதுகுத் தோல் படியில் ஒட்டிக்கொண்டது. வலியில் அலற வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் தங்கை செருப்பைக் கழற்றி, கை ஓயும்வரை என்னை அடித்தாள். "எங்கண்ணுல முழிக்காத" என்றாள்.

பல மாதம் கழித்து அவர்கள் தெருவுக்குப் போனேன். சுவரைப் பிடித்துப் பிடித்து அவர் வாசலுக்கு வந்தார். தழும்பேறிய கையை ஓங்கி என் கன்னத்தில் ஒன்று விட்டார். அடுத்ததற்குக் கை உயர்ந்தது, பாதியில் நின்றுவிட்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நெஞ்சு விசில் அடித்தது.

"இருங்க மச்சான்… மூச்சு… வரட்டும்."

இன்னொரு கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவருக்கு மூச்சு வரவில்லை. தங்கை வந்து அவரை அணைத்து உள்ளே கூட்டிப் போனாள்.