வக்கீலின் முதுகில் கேட்ட கேள்வி

குற்றாலம் அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கிற பேச்சிமுத்து, வந்தவர் ஜட்ஜே ஆனாலும் குப்புறப் போட்டு முதுகில் அறைகிற ஆள். அவரே 1958 சாரல் சீசனில் நடுங்கிப் போனார்.

குழல்வாய்மொழியோடு அவர் நடத்தியது தாலி கட்டாத குடித்தனம். மகள் வடிவை ஊருக்குப் பயந்து, தன்னை 'மாமா' என்றே கூப்பிடப் பழக்கியிருந்தார். சித்திரையில் காய்ச்சல் கண்டு குழல்வாய்மொழி செத்துப்போனாள். பாவூர்சத்திரத்திலிருந்து அவள் அண்ணன் வந்து நின்றான்.

"தாலி கட்டாத உமக்குப் பிள்ளை மேல என்னவே பாத்தியதை? வெள்ளிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போயிருவேன்."

வியாழக்கிழமை தென்காசி வக்கீல் ஒருவர் எண்ணெய்க்குப் படுத்தார். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன் கதை" என்று பேச்சிமுத்து மெல்ல ஆரம்பித்தார்.

"தாலி கட்டலைன்னா தாய்தான் கார்டியன்," என்றார் வக்கீல்.

பேச்சிமுத்துவின் கை அப்படியே நின்றுவிட்டது.

"ஏன்வே நிறுத்திட்டீரு? தாய்க்குப் பெறகு தகப்பன்தான். புதுச் சட்டம் அப்படித்தான் சொல்லுது. ஆனா பதினெட்டு வயசு வரை சோறு, துணி, படிப்பு எல்லாம் அவன் தலையில. முதல்ல நாலு பேர் முன்னால 'எம் பிள்ளை'ன்னு சொல்லணும். சொல்லுவானா உமக்குத் தெரிஞ்சவன்?"

பக்கத்தில் எண்ணெயோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மாமா, பசிக்கி," என்று வந்து நின்றாள் வடிவு.

"மாமா இல்லட்டி. அப்பான்னு சொல்லு. சத்தமாச் சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்."

என்ன தப்பு செய்தோமோ என்று மிரண்டுபோய், அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.